மார்க்கையன்கோட்டையில் நீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? – உறைநிலை, கொதிநிலை ஆகிய கலைச்சொற்களும் அவற்றின் நிபந்தனையும்

ஆய்வுச்சுருக்கம்

நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும், 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்னும் தொடர் தமிழ்வழி அறிவியல் கல்வியின் முதற்பாடங்களுள் ஒன்றாகும். ஒரே தொடராக அமைந்தபோதிலும் இதன் இரு பகுதிகளும் ஒரே தன்மை உடையன அல்ல. முதற்பகுதி மக்கள் வாழும் உயரங்கள் அனைத்திலும் ஏறத்தாழ மாறாதிருப்பது. இரண்டாம் பகுதி கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்திற்கு மட்டுமே உரியது. தேனி மாவட்டம் மார்க்கையன்கோட்டையையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் களமாகக் கொண்டு, இவ்வேறுபாட்டின் அளவையும் காரணத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது. கலைச்சொல்லின் வரையறையில் நிபந்தனை விடுபடுவதால் ஆய்வகக் கல்வியில் நேரும் இடர்ப்பாட்டையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: உறைநிலை, கொதிநிலை, வளிமண்டல அழுத்தம், கம்பம் பள்ளத்தாக்கு, கலைச்சொல்லாக்கம், அறிவியல் கற்பித்தல்.

முன்னுரை

தேனி மாவட்டத்தில் சின்னமனூரை அடுத்து, முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பேரூர் மார்க்கையன்கோட்டை. கம்பம் பள்ளத்தாக்கின் இப்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 முதல் 400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மேற்கே ஏலமலைத் தொடரும், தென்கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும், வடக்கே பழனி மலைத் தொடரும் இப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்துள்ளன. சில மணி நேரப் பயணத்தில் ஆயிரம் முதல் இரண்டாயிரம் மீட்டர் வரை உயரம் ஏறிவிடலாம். உயரத்திற்கும் நீரின் இயல்புகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய இதனினும் பொருத்தமான நிலப்பரப்பு தமிழகத்தில் அரிது.

மார்க்கையன்கோட்டையில் ஒரு மாணவர் தூய நீரைக் கொதிக்க வைத்து, பிழையற்ற வெப்பமானியை நீராவியில் வைத்து அளந்தால் அது 100 டிகிரியைக் காட்டாது. 98.7 டிகிரியை ஒட்டியே காட்டும். இந்த அளவீடு சரியானது. ஆயினும் பாடத்தொடரை மட்டும் அறிந்த மாணவர் தம் கருவியையோ தம் கண்ணையோ ஐயுறுவார். இந்த ஐயம் எங்கிருந்து தோன்றுகிறது, அதை நீக்கக் கலைச்சொல்லின் வரையறை எவ்வாறு அமைய வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

1. உறைதலும் கொதித்தலும்: வழக்கும் கலைச்சொல்லும்

உறைநிலை, கொதிநிலை ஆகிய இரண்டும் அன்றாட வழக்கிலிருந்து எழுந்த சொற்கள். ‘உறைதல்’ என்பதற்குத் தங்குதல் என்னும் பொருளோடு, நெகிழ்வான பொருள் இறுகுதல் என்னும் பொருளும் உண்டு. பால் உறைந்து தயிராகிறது. புண்ணில் குருதி உறைகிறது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்கிறது. அறிவியல் நோக்கில் இவை மூன்றும் ஒரே நிகழ்வு அல்ல. பாலும் குருதியும் உறைவது புரதங்களில் நேரும் மாற்றத்தால். அவற்றைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ செய்து பழைய நிலைக்குக் கொணர இயலாது. தேங்காய் எண்ணெய் உறைவதே கலைச்சொல் குறிக்கும் உறைதல். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே இறுகும் அது, வெயில் ஏறியதும் உருகிவிடும். பள்ளத்தாக்கில் வாழும் மாணவருக்கு ‘உறைநிலை’ என்னும் கருத்தை விளக்க, இயற்கையில் அவர் காணாத பனிக்கட்டியைவிட இந்த எண்ணெய்ப் புட்டியே நெருங்கிய சான்றாகும்.

‘நிலை’ என்னும் பின்னொட்டையும் கருத வேண்டும். திண்மநிலை, நீர்மநிலை, வாயுநிலை என்னும் சொற்களில் அது பொருள் இருக்கும் தன்மையைக் குறிக்கிறது. வெப்பநிலை என்பதில் ஓர் அளவைக் குறிக்கிறது. கொதிநிலை என்பதிலோ, ஒரு நிகழ்வு நேரும் குறிப்பிட்ட வெப்பநிலையைக் குறிக்கிறது. நாளிதழ்கள் ‘கொதிநிலை’ என்பதைக் கொந்தளிப்பான சூழலுக்கு ஆள்வதும் இந்தப் பொருள் நெகிழ்ச்சியால்தான். சொல் நன்கு வேரூன்றிவிட்டது. அதை மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனால் சொல் தன்னளவில் எந்த அழுத்தத்தையும் சுட்டாததால், அதைச் சுட்டும் பொறுப்பு முழுவதும் வரையறையைச் சேர்கிறது.

2. நிபந்தனையோடு பிறந்த அளவீடு

கொதிநிலை அழுத்தத்தைச் சார்ந்தது என்பது பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட திருத்தம் அன்று. வெப்பமானி உருவான காலத்திலேயே அறியப்பட்ட செய்தி அது. 1724-இல் தம் அளவீட்டை வெளியிட்ட பாரன்ஹீட், வளிமண்டல அழுத்தம் மாறும்போது நீரின் கொதிநிலை மாறுவதை உணர்ந்திருந்தார். சுவீடனின் உப்சாலாவில் வானியல் பேராசிரியராக இருந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் வெளியிட்ட கட்டுரையில் இரு முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்தினார். பனி உருகும் வெப்பநிலை வளிமண்டல அழுத்தத்தால் மாறுவதில்லை. நீர் கொதிக்கும் வெப்பநிலையோ அதனால் மாறுகிறது. ஆகவே கொதிநிலையை அளவீட்டின் ஒரு முனையாகக் கொள்ள அவர் குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தையும் உடன் வரையறுக்க வேண்டியிருந்தது. அவரது மூல அளவீட்டில் கொதிநிலை 0 எனவும் உறைநிலை 100 எனவும் இருந்தன. இன்றைய வரிசை பின்னர் ஏற்பட்டதே.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மேலும் மாறியது. 1954-இல் கூடிய எடை, அளவைகள் பொது மாநாடு, நீர், பனி, நீராவி மூன்றும் ஒருங்கே சமநிலையில் இருக்கும் மும்மைப் புள்ளியை 273.16 கெல்வின் எனக் கொண்டு வெப்பநிலை அலகை வரையறுத்தது. அம்மாநாடே தர வளிமண்டல அழுத்தத்தை 101.325 கிலோபாஸ்கல் என நிலைநாட்டியது. 2019 மே 20 முதல் கெல்வின் அலகு போல்ட்ஸ்மன் மாறிலியின் வழியே வரையறுக்கப்படுகிறது. இதன் விளைவு கருதத்தக்கது. இன்று 0, 100 ஆகிய இரு எண்களும் அளவீட்டின் வரையறையில் இல்லை. அவை அளந்து அறியப்படும் மதிப்புகள். 1990-ஆம் ஆண்டின் அனைத்துலக வெப்பநிலை அளவீட்டின்படி தர வளிமண்டல அழுத்தத்தில் தூய நீரின் கொதிநிலை 99.974 டிகிரி செல்சியஸ். வேதியியலார் 1982 முதல் தர அழுத்தமாகக் கொள்ளும் 100 கிலோபாஸ்கலில் அது 99.6 டிகிரி. கடற்கரையில்கூட முழுமையான 100 என்பது ஒரு தோராயமே.

3. கொதித்தல் என்னும் நிகழ்வு

நீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் எல்லா வெப்பநிலைகளிலும் ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன. மூடிய கலத்தில் அவ்வாவி உண்டாக்கும் சமநிலை அழுத்தமே ஆவியழுத்தம். வெப்பநிலை உயர உயர அது விரைந்து பெருகும். 50 டிகிரியில் 12 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும் ஆவியழுத்தம், 100 டிகிரியில் 101 கிலோபாஸ்கலை எட்டுகிறது. நீரின் உட்பகுதியில் ஓர் ஆவிக்குமிழி தோன்றினால், வெளியழுத்தம் அதை நசுக்க முனையும். ஆவியழுத்தம் வெளியழுத்தத்திற்குச் சமமாகும்போதுதான் குமிழி நசுங்காது வளர்ந்து மேலெழும். உலை ‘தளதள’வெனக் கொதிப்பதன் பொருள் இதுவே.

எனவே கொதிநிலையின் முழுமையான வரையறை இவ்வாறு அமைகிறது: ஒரு நீர்மத்தின் ஆவியழுத்தம் அதன்மேல் செயற்படும் வெளியழுத்தத்திற்குச் சமமாகும் வெப்பநிலை. இவ்வரையறையில் 100 என்னும் எண் இடம்பெறவில்லை. வெளியழுத்தம் என்ன என்று சொல்லப்பட்ட பின்னரே எண் பிறக்கிறது.

4. பள்ளத்தாக்கிலிருந்து மலைமுகடு வரை

உயரம் கூடக் கூட மேலுள்ள காற்றின் எடை குறைவதால் வளிமண்டல அழுத்தமும் குறைகிறது. தர வளிமண்டல மாதிரியைக் கொண்டு கணக்கிடப்பட்ட மதிப்புகள் கீழே தரப்படுகின்றன. உயரங்கள் ஏறத்தாழக் கொள்ளப்பட்டவை.

கடல்மட்டம்: அழுத்தம் 101.3 கிலோபாஸ்கல், கொதிநிலை 100.0 டிகிரி.
மார்க்கையன்கோட்டை (375 மீட்டர்): 96.9 கிலோபாஸ்கல், 98.7 டிகிரி.
குமுளி (900 மீட்டர்): 91.0 கிலோபாஸ்கல், 97.0 டிகிரி.
மேகமலை (1,500 மீட்டர்): 84.6 கிலோபாஸ்கல், 95.0 டிகிரி.
கொடைக்கானல் நகர் (2,100 மீட்டர்): 78.5 கிலோபாஸ்கல், 93.0 டிகிரி.
கொடைக்கானல் வானாய்வகம் (2,343 மீட்டர்): 76.2 கிலோபாஸ்கல், 92.2 டிகிரி.

ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திற்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறைகிறது என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம். வெப்பமண்டலத்துக் காற்று, மாதிரி கொள்ளும் காற்றைவிட வெப்பமானது. ஆதலால் நம் மலைகளில் மெய்யான அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதற்கேற்பக் கொதிநிலையும் ஒரு டிகிரியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு உயரலாம். ஓரிடத்திலேயே அழுத்தம் நாள்தோறும் சில ஹெக்டோபாஸ்கல் அளவில் ஏறி இறங்குவதால், முற்பகலிலும் பிற்பகலிலும் அளக்கும் கொதிநிலைகள் 0.1 டிகிரி வரை வேறுபடவும் கூடும்.

இத்தொடர்பைத் திருப்பிப் பயன்படுத்துவதும் இயலும். கொதிநிலையை நுண்மையாக அளந்தால் உயரத்தைக் கணிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மலைப்பயணிகள் இதற்கெனத் தனி வெப்பமானியை எடுத்துச் சென்றனர். தாவரவியலார் ஜோசப் ஹூக்கர் இமயப் பயணத்தில் பல இடங்களின் உயரத்தை இம்முறையால் கணித்தார். நீரைக் கொதிக்க வைப்பது அன்று ஒரு நில அளவை முறையாகவும் இருந்தது.

5. உறைநிலை ஏன் அசைவதில்லை?

மார்க்கையன்கோட்டையிலிருந்து கொடைக்கானலுக்குச் சென்றால் கொதிநிலை ஆறு டிகிரி அளவில் குறைகிறது. உறைநிலையோ ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு அளவே மாறுகிறது. அதுவும் எதிர்த்திசையில், சற்றே உயர்கிறது. ஒரே அழுத்த மாற்றம் இருவேறு விளைவுகளைத் தருவதற்கான காரணம் கன அளவில் உள்ளது.

நிலைமாற்ற வெப்பநிலை அழுத்தத்தோடு மாறும் வீதம், அம்மாற்றத்தில் கன அளவு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு நேர்விகிதத்திலும், உள்ளுறை வெப்பத்திற்கு எதிர்விகிதத்திலும் அமையும். கிளாப்பிரான், கிளாசியஸ் ஆகியோர் பெயரால் வழங்கும் தொடர்பு இது. ஒரு கிலோகிராம் நீர் கொதித்து ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,600 மடங்கு பெருகுகிறது. உள்ளுறை வெப்பம் 2,257 கிலோஜூல். இதிலிருந்து அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் குறைந்தால் கொதிநிலை 0.28 டிகிரி குறையும் என்பது பெறப்படுகிறது. பனிக்கட்டி உருகும்போதோ கன அளவு பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே சுருங்குகிறது. உள்ளுறை வெப்பம் 334 கிலோஜூல். ஆதலால் அழுத்தம் ஒரு கிலோபாஸ்கல் குறைந்தால் உறைநிலை 0.00007 டிகிரி மட்டுமே உயரும்.

கன அளவு பெருகாமல் சுருங்குவதே எதிர்த்திசை மாற்றத்திற்கும் காரணம். பனிக்கட்டி நீரில் மிதப்பதும் அழுத்தத்தால் அதன் உருகுநிலை தாழ்வதும் ஒரே பண்பின் இரு தோற்றங்கள். இவ்விளைவை 1849-இல் ஜேம்ஸ் தாம்சன் கோட்பாட்டின் வழியே முன்கூட்டி உரைத்தார். மறு ஆண்டில் அவருடைய இளவல் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், அதை ஆய்வால் மெய்ப்பித்தார்.

அழுத்தத்திற்கு அசையாத உறைநிலை, கரைபொருளுக்கு அசையும். ஒரு கிலோகிராம் நீரில் 58.5 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் கொதிநிலை ஒரு டிகிரி அளவே உயரும். உறைநிலையோ மூன்றரை டிகிரி அளவில் தாழும். குல்பி விற்போர் பானையைச் சுற்றிப் பனிக்கட்டியோடு உப்பு இடுவது இத்தாழ்வைப் பயன்கொள்ளும் நுட்பமே. ஆகவே ‘தூய நீர்’ என்பதும் வரையறையின் இன்றியமையாத பகுதியாகும்.

6. பனி, உறைபனி, ஆலங்கட்டி

தமிழிலக்கணம் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளுள் முன்பனி, பின்பனி என இரண்டு உள. சமவெளியில் அப்பனி நீர்மமாகவே நிற்கும் பனித்துளி. அதே சொல்லை மலையுச்சியின் திண்ம நீருக்கும் வழங்குவதால், ‘பனி பெய்கிறது’ என்னும் தொடர் நீர் உறைந்ததா இல்லையா என்பதைத் தெரிவிப்பதில்லை. உறைபனி, பனிக்கட்டி, மூடுபனி என்னும் கூட்டுச்சொற்களே அவ்வேறுபாட்டைக் காட்டுகின்றன.

கொடைக்கானல், மூணாறு, உதகை ஆகிய இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதத் தெளிந்த இரவுகளில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடப்பதுண்டு. அன்று வானிலைக் கூண்டின் வெப்பமானி இரண்டு மூன்று டிகிரியைக் காட்டினும் வியப்பில்லை. கூண்டு நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு மேல் இருப்பது. புல்லின் பரப்போ வெப்பத்தை வானுக்கு உமிழ்ந்து 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும். நீர் 0 டிகிரியில் உறையும் என்னும் விதி இங்கு மீறப்படவில்லை. எந்தப் பரப்பின் வெப்பநிலை என்பதே கேள்வி.

பள்ளத்தாக்கில் இயற்கையாக உறைந்த நீர் வந்து சேர்வது கோடை இடிமழையில்தான். ஆலங்கட்டி அது. வெப்பமண்டலத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் காற்று 0 டிகிரிக்குக் கீழே இருக்கும். இடிமேகம் அதற்கும் மேலே வளர்வதால் அதனுள் நீர் உறைகிறது. ஆயினும் 0 டிகிரியைத் தாண்டியதும் எல்லாத் துளிகளும் உறைந்துவிடுவதில்லை. படிகம் தொடங்குவதற்கு நுண்துகள் கிடைக்காத தூய துளிகள், கழியக் குளிர்ந்த நிலையில் 38 டிகிரி குறையெண் வரையிலும் நீர்மமாகவே நீடிக்கவல்லன. உறைநிலை என்பது பனியும் நீரும் சமநிலையில் ஒருங்கிருக்கும் வெப்பநிலை. உறைதல் தொடங்கியே தீரும் வெப்பநிலை அன்று. ‘0 டிகிரியில் உறையும்’ என்னும் தொடரிலும் இவ்வாறு ஒரு நுண்மை மறைந்துள்ளது.

7. உலையும் குடிநீரும்

கொதிநிலை மாற்றம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பநிலை கொதிநிலைக்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு கூட்டினும் ஆவியாதல் விரைவுபடுமேயன்றி, பருப்பு மேலும் சூடாகாது. மேகமலைத் தோட்டக் குடியிருப்பில் 95 டிகிரியில் வேகும் பருப்பு, மார்க்கையன்கோட்டையில் 98.7 டிகிரியில் வேகும் பருப்பைவிடக் கூடுதல் நேரம் கொள்ளும். 1835-இல் ஆண்டீஸ் மலையைக் கடந்த சார்லஸ் டார்வின், இரவெல்லாம் அடுப்பில் கிடந்த உருளைக்கிழங்கு வேகாமற்போனதைப் பதிவு செய்துள்ளார். உடன்வந்தோர் அதற்குப் புதிய பாத்திரத்தைக் குறைகூறினர். காரணம் அறியாதபோது குற்றம் கருவியின்மேல் ஏற்றப்படுவதற்கு இது நல்ல சான்று.

பிரஷர் குக்கர் இக்குறையை ஈடுசெய்கிறது. அதன் எடை வெளியழுத்தத்தின்மேல் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தத்தைத் தேக்குவதால், கடல்மட்டத்தில் உள்வெப்பநிலை 120 டிகிரியை எட்டுகிறது. கொடைக்கானலில் அதே குக்கர் 116 டிகிரியை ஒட்டி நிற்கும். உயரத்தின் விளைவு முற்றும் நீங்கவில்லை. சமையலுக்கு இடராகாத அளவில் குறைந்துவிடுகிறது.

குடிநீரைக் கொதிக்க வைத்தல் உயிர்காப்போடு தொடர்புடையது. நோய்க்கிருமிகள் பெரும்பாலும் 70 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் விரைவில் அழிவதால், மலைமேல் 93 டிகிரியில் கொதித்த நீரும் பாதுகாப்பானதே. ஆயினும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையங்கள் நீரை நன்கு கொதிக்கவிட ஒரு நிமிடமும், 6,500 அடிக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடமும் எனப் பரிந்துரைக்கின்றன. மார்க்கையன்கோட்டை முதல்வகையிலும் கொடைக்கானல் இரண்டாம் வகையிலும் அடங்கும். 100 டிகிரி வராவிட்டால் நீர் கொதிக்கவில்லை என்று கருதுவோருக்கு இப்பரிந்துரையின் காரணம் விளங்காது.

8. ஆய்வகக் குறிப்பேட்டில் எழுத வேண்டிய எண்

பாடத்தொடர் நிபந்தனையை விட்டுவிடும்போது இழப்பு இருவகையில் நேர்கிறது. முதலாவது, சரியாக அளந்த மாணவர் தம் அளவீட்டைத் தவறெனக் கொண்டு 98.7 என்னும் எண்ணை அடித்துவிட்டு 100 என எழுதுவார். அளந்ததை எழுதுதல் என்னும் அறிவியல் ஒழுக்கத்தின் முதற்படியே அங்குச் சரிகிறது. இரண்டாவது, வெப்பமானியின் மெய்யான பிழையைக் கண்டறியும் வாய்ப்பு பறிபோகிறது. மார்க்கையன்கோட்டையில் கொதிநீராவியில் 100 காட்டும் வெப்பமானியே ஐயத்திற்குரியது; அது ஒரு டிகிரிக்கு மேல் கூட்டிக் காட்டுகிறது. அக்கருவியை உருகும் பனிக்கட்டியில் வைத்தால் 0 காட்ட வேண்டும். உறைநிலை உயரத்தால் மாறாததால் இச்சோதனை எந்த ஊருக்கும் பொதுவானது. மாறாத முனையையும் மாறும் முனையையும் சேர்த்து அறிந்தவரே கருவியைச் சோதிக்க வல்லவர்.

இதனடிப்படையில் மூன்று பரிந்துரைகள் முன்வைக்கப்படுகின்றன. தர வளிமண்டல அழுத்தத்திற்குரிய மதிப்பை ‘இயல்புக் கொதிநிலை’ என அடையிட்டு வழங்கலாம். அடையின்றிக் ‘கொதிநிலை’ என்னுமிடத்து அழுத்தமும் உடன் குறிக்கப்பட வேண்டும். பாடத்தொடரை ‘தூய நீர், கடல்மட்ட அழுத்தத்தில், ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்’ என விரிக்கலாம். ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் ஊரின் உயரத்தையும் அதற்குரிய கொதிநிலையையும் கணக்கிட்டு ஆய்வகச் சுவரில் எழுதி வைக்கலாம். கைப்பேசியின் அழுத்தமானியும் ஒரு நல்ல வெப்பமானியும் இருந்தால், சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் ஒரே நாளில் இளங்கலை மாணவர் இவ்வாய்வைச் செய்து முடிக்க இயலும்.

முடிவுரை

நீரின் உறைநிலையும் கொதிநிலையும் ஒரே தொடரில் இணைத்துச் சொல்லப்படினும், அழுத்தத்தை நோக்க அவை வேறுபட்ட இயல்பின. கன அளவு மாற்றத்தின் பெருமையும் சிறுமையுமே இவ்வேறுபாட்டின் காரணம். மார்க்கையன்கோட்டையில் கொதிநிலை 98.7 டிகிரி, மேகமலையில் 95, கொடைக்கானலில் 93. மூவிடத்தும் உறைநிலை 0. செல்சியஸ் 1742-இல் உணர்ந்து எழுதிய நிபந்தனை, எளிமை கருதிப் பாடத்தொடரிலிருந்து விடுபட்டுள்ளது. தமிழ்க் கலைச்சொற்கள் நிலைபெற்றுவிட்ட இக்காலத்தில் அவற்றின் வரையறைகளைச் செம்மை செய்வதே அடுத்த பணியாகும். அப்பணி கொதிநிலையிலிருந்து தொடங்குமாயின், பள்ளத்தாக்கின் மாணவர் தாம் அளந்த எண்ணைத் துணிந்து எழுதுவர்.